விலையில்லாப் படம் பிறந்த கதை

காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் அட்லஸைப் புரட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஒரு ஏரி எந்த வருடத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது, கரையில் எந்தப் பக்கம் முதலில் வீடுகள் வந்தன, காடு அழிந்தது சாலை வந்த பிறகா அதற்கு முன்பா என்று கேட்டால் அட்லஸ் கையை விரித்துவிடும். அச்சிட்ட வரைபடம் ஒரு காலத்தை மட்டும் காட்டும். மாற்றத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு அதே இடத்தின் படம் வருடத்துக்கு ஒன்றாவது வேண்டும், அதுவும் பல வருடங்களுக்கு.

இன்று அது கிடைக்கிறது. கூகுள் எர்த்தில் டைம்லாப்ஸ் பகுதியைத் திறந்தால் 1984-லிருந்து பூமியின் எந்த மூலையையும் வருடம் வருடமாக ஓட்டிப் பார்க்கலாம். பருவநிலை, காடழிப்பு, நகர வளர்ச்சி, நீர்ப்பற்றாக்குறை என்று செயல்திட்டத்துக்குத் தலைப்பு கொடுத்தால் பிள்ளைகள் போய் நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவை லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள். முதல் லேண்ட்சாட் 1972-ல் பறந்தது. படங்கள் காசில்லாமல் கிடைத்தது 2008-ல். இடையில் போன 36 வருடத்தில் பாதிக்கு மேல், படத்துக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்ற வழக்கிலேயே கழிந்தது.

கதை 1966 செப்டம்பர் 21-ல் தொடங்குகிறது. அமெரிக்க உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் அன்று ஓர் அறிவிப்பு செய்தார்: பூமியின் வளங்களை விண்ணிலிருந்து கவனிக்க ஒரு செயற்கைக்கோள் திட்டம் வரப்போகிறது. அமெரிக்காவின் உள்துறை நம் ஊர் உள்துறை போலக் காவல்துறையைப் பார்ப்பதல்ல. நிலம், நீர், கனிமம், வனவிலங்கு எல்லாம் அதன் பொறுப்பு. யூடாலின் பின்னால் இருந்து இதைத் தள்ளியவர் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் இயக்குநர் வில்லியம் பெக்கோரா. விண்வெளி நாசாவின் வேலை. அந்த நாசாவுக்கே இந்த அறிவிப்பு கசந்தது, கலந்து பேசாமல் சொல்லிவிட்டார்களே என்று. உளவுச் செயற்கைக்கோள்களை ரகசியமாக ஓட்டிக்கொண்டிருந்த பாதுகாப்புத் துறை தயங்கியது. விமானத்தில் பறந்து படம் எடுத்தால் மலிவாக முடியுமே என்று பணம் ஒதுக்குகிறவர்கள் கேட்டார்கள்.

விமானம் என்ற பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விமானம் கேட்ட இடத்துக்குப் போகும். யாரும் கேட்காத இடத்துக்குப் போகாது. செயற்கைக்கோள் எல்லா இடத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும். இன்று யாருக்கும் வேண்டாத ஓர் இடத்தைப் பற்றி முப்பது வருடம் கழித்து ஒருவர் கேள்வி கேட்பார் என்றால், பதிலை இன்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். பெக்கோரா போன்றவர்கள் விடாமல் நின்றதால் திட்டம் பிழைத்தது. செயற்கைக்கோள் பறப்பதற்கு நான்கு நாள் முன்பு, 1972 ஜூலை 19-ல், பெக்கோரா இறந்துபோனார்.

படம் எடுக்கும் கருவியின் கதை இன்னும் நல்லது. அதைச் செய்தவர் வர்ஜீனியா நார்வுட். ராணுவ அதிகாரியின் மகள். கணக்கில் கெட்டிக்காரியான அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் கிடைத்த ஆலோசனை நூலகர் வேலைக்குப் போ என்பது. அவர் எம்ஐடிக்குப் போய் 1947-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹியூஸ் விமானக் கம்பெனியில் பொறியாளரானார். பூமியைப் பார்க்கும் கருவி என்றதும் அவர் முதலில் செய்தது, விவசாயம், நிலவியல், வானிலை ஆராய்பவர்களைத் தேடிப்போய் ‘உங்களுக்கு எந்த ஒளி வேண்டும்?’ என்று கேட்டதுதான். பயிர் பார்ப்பவருக்கு ஒரு நிறம் உதவும், பாறை பார்ப்பவருக்கு இன்னொன்று. கேட்டு எழுதிக்கொண்டு வந்தவற்றை எல்லாம் ஒரே கருவியில் வைக்க ஆசைப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. செயற்கைக்கோளில் முதல் மரியாதை வேறொரு கம்பெனி செய்த தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு. நார்வுட்டின் கருவிக்குக் கிடைத்தது 100 பவுண்டு எடை, அதாவது சுமார் 45 கிலோ. அதற்குள் நான்கு ஒளிப்பட்டைகள்தான் அடங்கின: பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் இரண்டு.

அந்தக் கருவியில் ஒரு கண்ணாடி இடமும் வலமுமாக விநாடிக்கு 13 தடவைக்கு மேல் ஆடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் கீழே நிலத்தில் ஆறு வரிகளை வாசிக்கும். வாசித்த வெளிச்சத்தை 0-லிருந்து 63 வரையுள்ள ஓர் எண்ணாக்கிப் பூமிக்கு அனுப்பும். விண்ணில் ஆடுகிற கண்ணாடியா என்று பொறியாளர்கள் பயந்தார்கள். அது தேய்ந்து நிற்கும், நிற்காவிட்டாலும் படம் கோணலாக வரும் என்றார்கள். வரைபடம் வரைபவர்களுக்கும் வரிவரியாகக் கூட்டிச் சேர்த்த படத்தின் மேல் நம்பிக்கை இல்லை. முன்மாதிரியை லாரியில் ஏற்றிக் கலிபோர்னியாவில் அலைந்து, யோசமிட்டியில் ஹாஃப் டோம் என்ற மலைப்பாறையைப் படமெடுத்துக் காட்டினார்கள். பாறை தெளிவாக வந்தது.

1972 ஜூலை 23-ல் கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து செயற்கைக்கோள் கிளம்பியது. அப்போது அதன் பெயர் ஈஆர்டிஎஸ்-1; 1975-ல்தான் லேண்ட்சாட் ஆனது. சில வாரங்களிலேயே முதல் மரியாதை பெற்ற கேமராக்கள் மின்கோளாறால் அணைக்கப்பட்டன. இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருந்த நார்வுட்டின் ஸ்கேனர் 1978 ஜனவரி வரை திட்டத்தைச் சுமந்தது. ஒரு வருடம் ஓடினால் போதும் என்று கட்டிய செயற்கைக்கோள் அது.

பள்ளிப் பிள்ளையின் ஆய்வுக்கு அடிப்படை இங்கேதான் விழுந்தது என்பேன். கேமரா தருவது பார்க்கும் படம். ஸ்கேனர் தருவது கணக்குப் போடும் படம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண் என்றால், இந்த வருடத்து எண்ணிலிருந்து போன வருடத்து எண்ணைக் கழிக்கலாம். எங்கே மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதோடு, செயற்கைக்கோள் 18 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே, காலையில் ஏறத்தாழ அதே நேரத்தில் வந்தது. ஒரே பருவத்துப் படங்களை எடுத்தால் வெயில் விழும் கோணம் பெரிதாக மாறாது, நிழல் ஏமாற்றாது. ஒப்பிடுவதற்கென்றே அமைந்த படம்.

அகச்சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோள் படத்தை முதலில் திறக்கும் பிள்ளை அங்கேதான் திகைக்கிறது: வயல் ஏன் ரத்தச் சிவப்பாக இருக்கிறது? செழித்த இலை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்ளும். அண்மை அகச்சிவப்பை மட்டும் பலமாகத் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளிக்குத் திரையில் ஒரு நிறம் கொடுக்க வேண்டுமே என்று சிவப்பைக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதனால் ஏரி கறுப்பு. இது புரிந்துவிட்டால் படம் பேச ஆரம்பிக்கும். சிவப்பு மங்கினால் பயிர் வாடுகிறது, கறுப்பு குறுகினால் நீர் குறைகிறது.

இதை லேண்ட்சாட் பறக்கும் முன்பே நம் பக்கத்து மாநிலத்தில் செய்து பார்த்தவர்கள் உண்டு. இந்தியத் தொலை நுண்ணுணர்வின் தந்தை எனப்படும் பி. ஆர். பிஷாரடி, 1970-ஐ ஒட்டிக் கேரளத்தில் காயங்குளம் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுக்க வைத்தார். அந்தப் பகுதியின் தென்னைகளை வேர்வாடல் நோய் தின்றுகொண்டிருந்தது. தரையில் நின்று பார்த்தால் நல்ல மரமாகத் தெரிந்தவை, படத்தில் நிறம் மாறி நோயைக் காட்டிக்கொடுத்தன. இந்தியாவின் தொலை நுண்ணுணர்வு ஒரு தென்னை விவசாயியின் கவலையிலிருந்து கிளம்பியது என்பதைப் பாடத்தில் அழுத்திச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

விண்ணில் பார்த்ததை மண்ணில் போய் உறுதி செய்ய வேண்டும் என்பதற்குக் கனடாவில் ஒரு கதை இருக்கிறது. 1976-ல் அந்நாட்டு நில அளவைத் துறையைச் சேர்ந்த பெட்டி ஃப்ளெமிங், லாப்ரடார் கடற்கரையின் லேண்ட்சாட் படங்களைத் துருவிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி. பாறையா, பனிக்கட்டியா, படத்தின் கோளாறா? நீரளவைத் துறையிலிருந்து ஃபிராங்க் ஹால் என்பவர் ஹெலிகாப்டரில் போனார். பட்டை கட்டி அவரைக் கீழே இறக்கினார்கள். பாறையின் உச்சியில் ஒரு பனிக்கரடி படுத்திருந்தது. இறங்கி வந்தவரை அது கையை ஓங்கி அடிக்கப் பார்த்தது. அவர் கத்த, மேலே இழுத்துக்கொண்டார்கள். தீவின் அளவு 25 மீட்டருக்கு 45 மீட்டர். ஸ்கேனரின் ஒரு புள்ளியே தரையில் சுமார் 79 மீட்டர்! சுற்றியிருந்த கடல் கறுப்பாக இருந்ததால் புள்ளியைவிடச் சிறிய பாறையும் மின்னிக் காட்டிவிட்டது. அந்தத் தீவுக்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயர்.

இனி விலைக்கு வருவோம். 1970-களில் படங்களை அரசே விற்றது. கணினியில் ஏற்றும் நாடா சில நூறு டாலருக்குக் கிடைத்தது. 1980-களில் காற்று மாறியது. அரசு செய்கிற வேலையைத் தனியார் செய்தால் லாபமாக நடக்கும் என்ற எண்ணம் வாஷிங்டனில் ஓங்கியது. 1984-ல் சட்டம் போட்டு, 1985-ல் லேண்ட்சாட் படங்களை விற்கும் உரிமையை இயோசாட் என்ற கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை ஏறியது.

அந்த விலை ஆராய்ச்சியை எப்படி நெரித்தது என்பதை யோசிக்க வேண்டும். 4,400 டாலர் கொடுத்து ஒரு படம் வாங்கலாம். கஷ்டப்பட்டு இரண்டாவது வாங்கலாம். பத்து வருடத்துக்குப் பத்துப் படம், மேகம் மறைத்த படத்துக்கு மாற்றாக இன்னொன்று என்று போனால் பல்கலைக்கழகங்களே தாங்கவில்லை. மாற்றத்தைக் காட்டவே பிறந்த கருவியிடம் மாற்றத்தைப் பற்றிக் கேட்க முடியவில்லை. பள்ளிக்கூடம் கணக்கிலேயே வரவில்லை.

இன்னொரு கேடு இதைவிட ஆழமானது. விற்பனைக்காக ஓடும் செயற்கைக்கோள், வாங்க ஆள் இருக்கும் இடத்தைத்தான் படமெடுக்கும். 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் உலகின் பல பகுதிகளுக்கு, முக்கியமாக ஏழை நாடுகளுக்கு, படச் சேமிப்பில் ஓட்டைகள் விழுந்தன. டைம்லாப்ஸில் ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு ஊரை வைத்து ஓட்டினால் ஆரம்ப வருடங்கள் மங்கலாக, அசைவில்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். அந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை என்று ஒரு பிள்ளை எழுதிவிடக்கூடும். படமே எடுக்கப்படவில்லை என்பதுதான் பல சமயம் உண்மை. நமக்கு ஒரு நல்வாய்ப்பு: ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் 1979-லேயே லேண்ட்சாட் சமிக்ஞையை நேரடியாக வாங்கும் நிலையத்தை இந்தியா அமைத்துக்கொண்டது. 1988 மார்ச் 17-ல் நம் சொந்த ஐஆர்எஸ்-1ஏ பைக்கானூரிலிருந்து பறந்தது.

தனியார் கணக்கு பலிக்கவில்லை. 1989-ல் பணம் இல்லை என்று, அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டு லேண்ட்சாட் செயற்கைக்கோள்களையும் அணைத்துவிடச் சொல்லும் அளவுக்குப் போனது. கடைசி நேரத்தில் தப்பின. 1992-ல் புதுச் சட்டம் வந்து லேண்ட்சாட் அரசிடம் திரும்பியது. 1993-ல் ஏவிய லேண்ட்சாட் 6 சுற்றுப்பாதையை எட்டவே இல்லை. இந்த அமளி முழுவதிலும், மூன்று வருட ஆயுளுக்குக் கட்டப்பட்டு 1984-ல் ஏறிய லேண்ட்சாட் 5 நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. 2013-ல்தான் அதை ஓய்வுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு செயற்கைக்கோள் நின்றுபோயிருந்தால் இன்று பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கும் வரிசையில் பெரும் பள்ளம் விழுந்திருக்கும். 1999-ல் லேண்ட்சாட் 7 வந்தபோது விலை 600 டாலராக இறங்கியது. 2003-ல் அதன் வரிகளைச் சீர்செய்யும் பாகம் பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் கறுப்புக் கோடுகள் விழுந்து சுமார் 22 சதவீதம் காணாமல் போனது. தனிப் படமாகத் தரவிறக்கும் மாணவர்கள் அந்தக் கோடுகளைக் கண்டு கணினியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கையைத் திறந்தது அமெரிக்கா அல்ல, பிரேசில். சீனாவோடு சேர்ந்து விட்ட சிபர்ஸ் செயற்கைக்கோள்களின் படங்களை 2004-லேயே பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. தன் காட்டைத் தானே கண்காணிக்க வேண்டிய நாட்டுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. 2008 ஏப்ரலில் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அறிவித்தது: லேண்ட்சாட் சேமிப்பு முழுவதும் இணையத்தில், காசில்லாமல். அந்த முடிவுக்காக உள்ளே இருந்து போராடியவர்களில் முக்கியமானவர் பார்பரா ரயன். விலைக்கு விற்றபோது மிக நன்றாக விற்ற ஆண்டிலேயே சுமார் 25,000 படங்கள்தான் போயின. இலவசமாக்கி ஒரு வருடத்துக்குள் தரவிறக்கம் 10 லட்சத்தை எட்டியது.

அதன் பலனை ஒரே கணக்கில் சொல்லலாம். 2013-ல் ஆராய்ச்சியாளர் மாத்யூ ஹான்சன் குழுவினர் உலகக் காடுகளின் 12 வருட மாற்றத்தை வரைபடமாக்கினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய லேண்ட்சாட் படங்கள் 6,54,178. படத்துக்கு 600 டாலர் என்ற குறைந்த விலையிலேயே வாங்கியிருந்தால் 39 கோடி டாலர் ஆகியிருக்கும். யாரும் அந்த ஆராய்ச்சியை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு போயிற்று, 8 லட்சம் சதுர கிலோமீட்டர் புதிதாக வந்தது என்று அது கண்டது. அந்த வரைபடம் இப்போது குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் என்ற தளத்தில் எந்த மாணவருக்கும் திறந்திருக்கிறது. 2018-ல் மறுபடி கட்டணம் வைத்தால் என்ன என்று அமெரிக்க அரசுக்குள் ஒரு யோசனை கிளம்பியது. நல்லவேளையாக அது நடக்கவில்லை.

படம் இருந்தால் போதாது, பிள்ளை பார்க்கும்படி திரையும் வேண்டும். 1998 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் லாஸ் ஏஞ்சலிஸில் பேசியபோது, ஒரு சிறுமி அருங்காட்சியகத்தில் பூமி உருண்டையை அணுகி, நெருங்கி நெருங்கித் தனித்தனி வீடுகள் வரை போவதாகக் கற்பனை செய்தார். கீஹோல் என்ற சிறிய கம்பெனி 2001-ல் அந்த மாதிரி ஓர் உருண்டையைக் கணினியில் சுழலவிட்டது. 2004-ல் கூகுள் அதை வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த் என்று இலவசமாக விட்டது. 2013-ல் டைம்லாப்ஸ் தனியாக வந்தது, 2021-ல் கூகுள் எர்த்தோடு சேர்ந்தது. இந்த வரிசையில் பெரும் புகழ் உருண்டைக்குப் போய்விட்டது. நியாயமாக அதில் பாதியாவது படச் சேமிப்புக்குச் சேர வேண்டும்.

இது சேர்ந்து என்ன செய்கிறது என்பதற்கு ஆரல் கடல் நல்ல எடுத்துக்காட்டு. 1960-ல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. சோவியத் ஆட்சியில் பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பினார்கள், ஏரி வற்றியது. தேர்வுக்கு இவ்வளவு போதும். டைம்லாப்ஸை ஓட்டும் பிள்ளை இதற்குமேல் பார்க்கும். 1980-களின் இறுதியில் ஏரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குப் பகுதி சுருங்கிக்கொண்டே போய் 2014-ல் அதன் கிழக்குப் பாதி முழுக்க மணலாகிறது. ஆனால் வடக்குத் துண்டு 2005-க்குப் பிறகு பெருகுகிறது! ஏன் என்று தேடினால் கோக்-ஆரல் அணை கிடைக்கும்: கசகஸ்தான் உலக வங்கி உதவியோடு கட்டியது, 13 கிலோமீட்டர் நீளம். வடக்கே தண்ணீர் தங்கியது, மீன் திரும்பியது. அதே அணை தெற்குக்குப் போகும் நீரைக் குறைத்ததா என்ற கேள்வி உடனே வரும். ஆற்றோடு மேலே நகர்ந்து பார்த்தால் பாலைவனத்துக்கு நடுவே பாசன வயல்கள் சதுரம் சதுரமாகத் தெரியும். அந்த வயலை நம்பி வாழ்பவர் கதை வேறு. ‘ஏரி வற்றியது’ என்ற ஒரு வரி, நாடுகளுக்கு இடையிலான நீர்ப் பங்கீட்டுச் சிக்கலாக விரியும். காவிரியை அறிந்த பிள்ளைக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம் சமூக அறிவியல் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம் வருகிறது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய், இதைச் சொடுக்கு, அதைத் தேர்ந்தெடு என்று படிகள் இருக்கும். 2009-ல் இஸ்ரோ தொடங்கிய புவன் என்ற வரைபடத் தளமும் இருக்கிறது. வாசல்வரை கொண்டுபோய் விடுவதற்கு இவை நல்ல ஏற்பாடு. வாசலைத் தாண்டிய பிறகு எப்படிக் கேள்வி கேட்பது என்பதை ஆசிரியர்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சென்னைப் பிள்ளை ஒருத்தி புழல் ஏரியை எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, புழல் வறண்ட செயற்கைக்கோள் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அவள் அந்தப் படத்தையும் 2015 வெள்ளத்துக்குப் பிந்தைய டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்து, நான்கு வருடத்தில் ஏரி அழிந்துவிட்டது என்று எழுதினால் பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆய்வு தப்பாகிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் ஏரி பெருகுவதும் ஜூனில் குறைவதும் ஆண்டுதோறும் நடப்பது. ஜூனை ஜூனோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் இரண்டு ஜூன் போதாது, இருபது வேண்டும். படம் விலையில்லாமல் கிடைப்பதால் மட்டுமே அவளால் இருபதை எடுக்க முடிகிறது. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை நமக்கு மேலே வருகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசம், 10 மீட்டர் வரை துல்லியம்.

சில கேள்விகளுக்கு இந்தச் சேமிப்பில் பதிலே கிடையாது. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைத் தேடும் ராமேஸ்வரத்துப் பிள்ளைக்கு லேண்ட்சாட் எதையும் காட்டாது. வரிசையே 1972-ல்தான் தொடங்குகிறது. அங்கே பழைய நில அளவை வரைபடத்துக்கும், புயலுக்குத் தப்பியவர்களின் வாய்மொழிக்கும் போக வேண்டும்.

புழலுக்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் இருப்பை நாள்தோறும் இணையத்தில் போடுகிறது. புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. படத்தில் கறுப்பாகத் தெரியும் நீர்ப்பரப்பை அளந்து, அதே நாளின் இருப்போடு பக்கத்துப் பத்தியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். பரப்பு குறையக் குறைய இருப்பும் குறையும், ஆனால் ஒரே அளவில் குறையாது. ஏரி தட்டையான இடத்தில் ஓர் அடி இறங்கினால் பரப்பு நிறையச் சுருங்கும். கரை செங்குத்தான இடத்தில் அதே ஓர் அடிக்குப் பரப்பு அசைந்தே கொடுக்காது. செயற்கைக்கோளுக்கு மேற்பரப்புதான் தெரியும், அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று தெரியாது. தூர்ந்துபோன ஏரியும் ஆழமான ஏரியும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும். தன் அட்டவணையில் இந்த இடத்துக்கு வந்து சேரும் மாணவி, ஏரியை எப்போது தூர்வாரினார்கள், எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று நீர்வளத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.